அவன் நாவலில் செத்துப்போன என் அப்பா

மயிலாப்பூரில் எனக்கு ஒரு நண்பன் இருந்தான். அவன்மேல் பொறாமைப்படுவதை நான் ஒரு முழுநேர வேலையாகவே பார்த்துவந்தேன் என்று சொல்லலாம். காலையில் தி. நகர் அறையில் பல் தேய்க்கும்போதே அது ஆரம்பித்துவிடும். இன்றைக்கு அவன் நம் கடைப் பக்கம் வருவானா, வந்தால் புதிதாக எதைச் சொல்லி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வான் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறுவேன். அவன் வராத நாட்களில் எனக்குப் பொழுது போகாது. தொண்ணூறுகளின் நடுவில் சில வருஷங்கள் இப்படித்தான் கழிந்தன.

அவன் வீடு கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தது. தாத்தா வாங்கிய வீடு. அப்பா பிறந்த வீடு. அவனே பிறந்ததும் அதன் உள்ளறையில்தான் என்று அவன் அம்மா சொல்வார். அந்தத் தெருவில் அவனோடு நடப்பதைப்போல் ஒரு தண்டனை கிடையாது. பூக்கார அம்மா, "அக்கா பிரசவத்துக்கு இங்க வருதா, அங்கியே பாத்துக்கிறாங்களா?" என்று விசாரிப்பார். காபிப்பொடிக் கடையில் அவன் வாயைத் திறப்பதற்குள் சிக்கரி கலக்காத அரைக் கிலோ மெஷினுக்குள் போய்விடும். ஆட்டோ ஸ்டாண்டில், "இன்னா மச்சி, ஆளையே காணோம்? அப்பாரு நல்லா கீறாரா?" என்பார்கள். பக்கத்தில் நிற்கிற என்னை எல்லோரும் ஒரு நொடி பார்த்துவிட்டு, அவனோடு வந்த ஆள் என்று முடிவு செய்து விட்டுவிடுவார்கள்.

இப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலங்களில் என்னைப் பெசன்ட் நகர் கடற்கரைக்கு அழைத்துப் போய், மணலில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு நான் யார்ன்னே தெரியலைடா. எந்த எடத்துலயும் ஒட்ட மாட்டேங்கறது" என்பான். பளாரென்று ஒன்று வைக்கலாமா என்று கை துறுதுறுக்கும். வைத்ததில்லை. சுண்டல் வாங்கிக் கொடுத்தது அவன்தான்.

என் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை. நான் பிறந்தது கரக்பூர். எழுத்து படித்தது சக்ரதர்பூர். பிறகு பிலாஸ்பூர், ராய்ப்பூர், நாக்பூர். தாத்தாவும் ரயில்வேதான், அதனால் அப்பாவுக்கும் சொல்லிக்கொள்ள ஓர் ஊர் இல்லை. தமிழை நான் அம்மாவின் வாயிலிருந்தும், தாமதமாக வந்து சேரும் வார இதழ்களிலிருந்தும் பொறுக்கிக்கொண்டேன். அப்பா போனபின் அம்மா நாக்பூரில் அக்காவோடு தங்கிவிட, நான் மட்டும் மெட்ராசுக்குக் கிளம்பி வந்தேன். தமிழில் எழுதப் போகிறவன் தமிழ் பேசுகிற ஊரில்தானே இருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு.

வந்தபிறகுதான் தெரிந்தது, இந்த ஊரில் ஓர் ஆளிடம் முதலில் கேட்பது பெயரை அல்ல, சொந்த ஊரை. அடையாறில் ஒரு மாடி அறை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். வீட்டுக்காரர் மோர் கொடுத்து உட்காரவைத்தார்.

"சொந்த ஊரு?"

"அப்படி ஒண்ணும் இல்லைங்க சார்."

"ஒண்ணும் இல்லைன்னா எப்படி? குலதெய்வம் எங்க இருக்கு?"

"தெரியாதுங்க."

"தமிழ் நல்லாத்தான் பேசறீங்க" என்று ஆறுதலாகச் சொன்னார். அறையைக் கொடுக்கவில்லை. அடுத்த இடத்தில் கும்பகோணம் என்று சொல்லிப் பார்த்தேன், எந்தத் தெரு என்று கேட்டுவிட்டார்கள். கடைசியில் ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால், மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறையில் ஜவுளிக்கடை ஊழியர் ஒருவரோடு பங்கு போட்டுக்கொண்டேன். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை.

வேலை கச்சேரி ரோட்டில், ஒரு மாடியில் இருந்த டி.டி.பி. கடையில். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ஆராய்ச்சி மாணவர்களின் கட்டுரைகள், அவ்வப்போது ஏதாவது ஒரு புத்தகம் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடித்துப் பக்கம் கட்டிக் கொடுப்போம். கடை முதலாளியை நாங்கள் பாய் என்போம். மூன்று தலைமுறையாக அந்த ரோட்டுக்காரர். என் புலம்பலைக் கேட்டு அவர் ஒருநாள் சொன்னார்: "நீ இன்னாத்துக்கு ஊரு ஊருன்னு அயுதுகினு கீறே? மயிலாப்பூருன்னு சொல்லிக்கோ. எவன் வந்து கேக்கப் போறான்?" சொல்வது சுலபம். அவரிடம் யாரும் கேட்கப் போவதில்லை.

அந்தக் கடைக்குத்தான் நண்பன் முதலில் வந்தான். தேனாம்பேட்டையில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தான். அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தவன், என் மேஜைமேல் கிடந்த சிற்றிதழைப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தான். அவனும் எழுதுவான், நானும் எழுதுவேன். அதாவது அவன் எழுதினான். நான் ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தையே திரும்பத் திரும்ப எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். ஊர் இல்லாத ஓர் இளைஞன் தான் யார் என்று தேடுகிற நாவல். அதை எழுத இந்த ஊரிலேயே என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்று திமிராக நம்பிக்கொண்டிருந்தேன்.

அவன் வீட்டுக்கு அடிக்கடி போவேன். பொறாமைக்காரனுக்கு அந்த வீட்டைப்போல் ஒரு திருவிழா கிடைக்காது. "வாசல்லயே ஏம்ப்பா நின்னுண்டிருக்கே, ஆத்துக்குள்ள வா" என்று அவன் அம்மா அழைப்பார். கூடத்தில் அவன் அப்பா பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக் காது குடைந்துகொண்டிருப்பார். பென்ஷன் வாங்குபவர். யார் என்ன செய்தி சொன்னாலும் "அதான் தெரியுமே" என்பார். வெளியே கிளம்பினால் பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். நண்பனுக்கு அது மானக்கேடாக இருக்கும். எனக்கோ, திரும்பி வந்து இழுத்துப் பார்க்க ஒரு பூட்டு, அதற்குப் பின்னால் ஒரு வீடு என்று நெஞ்சு காந்தும். எங்கள் குவார்ட்டர்ஸ் பூட்டுகளை அப்பா சாவியோடு அடுத்து வருகிறவரிடம் கொடுத்துவிட்டு வந்துகொண்டே இருந்தார்.

என் அப்பா செத்த கதையை நண்பனிடம் அடையாற்றுப் பாலத்தில் வைத்துச் சொன்னேன். கடற்கரையிலிருந்து நடந்தே வந்துகொண்டிருந்தோம். நாக்பூரில் புதுக் குவார்ட்டர்சுக்கு மாறிவந்து சாமான்களைக்கூடப் பிரிக்கவில்லை. அப்பாவுக்கு விடியற்காலையில் மாரடைப்பு. உடம்பின்மேல் போர்த்த ஒரு நல்ல வேட்டி தேடினோம். எந்த டிரங்குப் பெட்டியில் வைத்தோம் என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்தால் ஸ்வெட்டர் வருகிறது, பாத்திரம் வருகிறது, என் பழைய பாடப்புத்தகம் வருகிறது, வேட்டி மட்டும் வரவில்லை. ஆபீசிலிருந்து அனுப்பிய நான்கு பேர் தூக்கிப் போனார்கள். அவர்களுக்கு அப்பாவின் முகமே பழக்கமில்லை. அவர் அந்த ஊரில் வேலைக்கே இன்னும் சேர்ந்திருக்கவில்லை. துக்கம் கேட்க யாரும் வரவில்லை. அப்பா வந்தது தெரிந்தால்தானே போனது தெரியும்? அப்படி ஒருத்தர் வந்ததே அங்கே யாருக்கும் தெரியாது.

நண்பன் கேட்கிற அழகே தனி. முகத்தை லேசாகச் சாய்த்து, கண்ணை எடுக்காமல், குறுக்கே பேசாமல் கேட்பான். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "பெட்டியெல்லாம் என்ன கலர்?" பச்சை என்றேன். மேலே வெள்ளைப் பெயின்டில் அப்பாவின் பெயரும் பழைய ஸ்டேஷன் பெயர்களும் அடித்து அடித்து எழுதியிருக்கும் என்றேன். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். ஒருவழியாக என் அப்பாவுக்குத் துக்கம் கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன். நானே எதிர்பார்க்காத அளவுக்கு அன்று அவன்மேல் பிரியமாக இருந்தேன். பொறாமை ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டது.

அடுத்த வருஷம் அவன் நூலால் கட்டிய ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். "நாவல்டா. நீதான் கம்போஸ் பண்ணணும். வேற யார்கிட்ட குடுத்தாலும் ஒற்றெழுத்தையெல்லாம் முழுங்கிடுவான்."

பாய் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். நான் முதல் பக்கத்தை ஸ்டாண்டில் செருகி அடிக்க ஆரம்பித்தேன். 'நான்' என்று தன்னிலையில் சொல்லும் கதை. ஊர் இல்லாத ஓர் இளைஞன். ரயில்வேக்காரர் மகன். முதல் அத்தியாயத்திலேயே அப்பா செத்துப் போகிறார். அந்த அப்பா பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக் காது குடைகிறார், "அதான் தெரியுமே" என்கிறார், பூட்டைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறார். அவர் செத்தபிறகு மகன் ஒவ்வொரு பச்சை டிரங்குப் பெட்டியாகத் திறந்து வேட்டி தேடுகிறான். நண்பன் தன் அப்பாவின் உடம்பைக் கிடத்தி, என் அப்பாவின் சாவை அதற்குப் போர்த்தியிருந்தான்.

விரல் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போயிற்று. அதுதான் இந்தத் தொழிலில் உள்ள கொடுமை, என்ன அக்கிரமம் என்றாலும் முழுசாக அடித்து முடிக்க வேண்டும். கோபத்தைவிட மோசமாக ஒன்று நடந்தது. நன்றாக இருந்தது. நான் கிழித்துப் போட்ட முதல் அத்தியாயங்களில் ஒன்றுகூட இதன் பக்கத்தில் நிற்காது. பெட்டிமேல் அடித்து எழுதிய ஊர்ப்பெயர்களை அந்த இளைஞன் விரலால் தடவிப் படிக்கிற இடத்தில் எனக்கே கண் கலங்கியது. என் அப்பாவுக்காக அழுகிறேனா, இப்படி எழுத வரவில்லையே என்று அழுகிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

புரூஃப் பார்க்க வந்தபோது அவன் கேட்டான். "நன்னா இருக்கா? உண்மையச் சொல்லு."

"இருக்கு."

"மொதல் அத்தியாயம் உன்கிட்ட கேட்டதுதான். உனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லையே?"

அப்பா சாவு எனக்கே எனக்கு என்று பட்டயம் போட்டா வைத்திருக்கிறேன்? இல்லை என்றேன். அவனுக்கு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்தும் எரிந்தது. முன்னுரையின் கடைசியில் எனக்கு நன்றி எழுதியிருப்பதாகச் சொன்னான். அதையும் நான்தான் அடித்தேன்: 'பிழையின்றி ஒளியச்சு செய்து தந்த நண்பருக்கு நன்றி.' என் பங்கு அவ்வளவுதான்.

வெளியீட்டு விழா அவன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன ஹாலில் நடந்தது. வீட்டில் போடும் செருப்போடு வந்திருந்தான். அவன் அம்மா ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்திருந்தார். நான் வாசலில் மேஜை போட்டுப் புத்தகம் விற்றேன். பொன்னாடை போர்த்தினார்கள். பேச வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர், வேர் இல்லாதவனின் வலியை வேர் இல்லாதவனால்தான் இப்படி எழுத முடியும் என்று தழுதழுத்தார். செத்துப்போன அந்த அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அப்பா கை தட்டினார். அவர் நாவல் படிப்பதில்லை. "அவன் எழுதறதெல்லாம் நான் எதுக்குப் படிக்கணும்? அதான் தெரியுமே" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

புத்தகம் வாங்கிய ஒரு பெண்மணி என்னைக் கேட்டார். "நீங்க அவருக்கு சொந்தமா?"

"இல்லைங்க. இங்க புஸ்தகம் விக்கறேன்."

பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. அந்தக் காலத்தில் முன்னுரைக்குக் கீழே ஆசிரியரின் வீட்டு விலாசத்தைப் போடுவது வழக்கம், படித்தவர்கள் கார்டு எழுதிப் போடுவார்கள். அவன் அவற்றை ரப்பர் பேண்டு போட்டுக் கடைக்கு எடுத்துவந்து என்னிடம் காட்டுவான். கதை தன்னிலையில் இருந்ததால் பலர் அதை அவன் சொந்தக் கதை என்றே எடுத்துக்கொண்டார்கள். 'தங்கள் தந்தையாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபம்' என்று பாதிக் கார்டுகளில் இருக்கும். "அப்பா கண்ணுல படாம தபால்காரர்கிட்டேர்ந்து வாங்கறதே பெரும் பாடா இருக்கு" என்று விழுந்து விழுந்து சிரிப்பான்.

நானும் சிரித்தேன். என் அப்பா நிஜமாகவே செத்தார். ஒரு கார்டு வரவில்லை. இவன் அப்பா கூடத்தில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருக்கிறார், அவருக்குக் கோயமுத்தூரிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் அனுதாபம் வந்து குவிகிறது. எனக்கு அவன் புகழ்கூட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கார்டுகள் வேண்டியிருந்தன. அவற்றில் ஒன்றாவது, ஒரே ஒன்றாவது, விலாசம் மாறி எனக்கு வரக் கூடாதா என்று ஏங்கினேன்.

சித்திரை வெய்யிலில் ஒரு மத்தியானம், பாய் வழக்கம்போல் சாப்பிடப் போயிருந்த நேரம், ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சட்டை முழுக்க வியர்த்து நனைந்திருந்தது. கையில் நண்பனின் நாவல்.

"ஏனுங்க, இந்தப் புஸ்தகம் இங்கதானுங்களே அடிச்சது? பின்னாடி விலாசம் போட்டிருக்குதே."

ஆமாம் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். முகத்தில் பேயறைந்த களை.

ராசிபுரத்தில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்ப்பவர். வடபழனி கோயிலில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு, இந்த நாவல் எழுதிய பிள்ளையைப் பார்த்து அப்பா போனதற்கு ஒரு வார்த்தை கேட்காமல் போனால் நன்றாக இருக்காது என்று பட்டிருக்கிறது. துக்கம் கேட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்பதால், தாலி கட்டி முடியும் வரை காத்திருந்து, பந்தியில் சாப்பிட்டுவிட்டு, பிறகு பஸ் பிடித்து மயிலாப்பூர் வந்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"கதவைத் தட்டினேனுங்க. ஒரு பெரியவரு வந்து தொறந்தாரு. பாத்தா, காதுல பஸ் டிக்கெட்டைச் சுருட்டி வெச்சிருக்காரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

எனக்கு வாய்க்குள் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"யாரு வேணும்னாரு. அப்பா தவறிட்டாருன்னு படிச்சேன், துக்கம் கேக்க வந்தேனுங்கன்னேன். யாரோட அப்பான்னாரு. புஸ்தகத்தைக் காட்டி, இவரோட அப்பான்னேன். 'இவனுக்கு அப்பா நான்தான்'ங்கறாரு! உள்ளிருந்து அந்தம்மா, 'ஏன்னா, யாரு வந்திருக்கா?'ங்கறாங்க. தப்பா வந்துட்டேனுங்க, போயிட்டு வரேனுங்க, போயிட்டு வரேனுங்கன்னு ரெண்டு தடவை சொல்லிப்போட்டு ஓடியாந்துட்டேன்."

கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். மடமடவென்று குடித்தார். கொஞ்சம் ஆசுவாசப்பட்டதும் புத்தகத்தை மடியில் வைத்துத் தடவினார். "அப்ப யாருங்க செத்தது?" என்றார். வேடிக்கையாகக் கேட்கவில்லை. சொந்தமாக ஒன்றைப் பறிகொடுத்தவரைப் போலக் கேட்டார்.

அந்த நாவலை வைத்து இவ்வளவு நாளாக நான் காத்திருந்த கேள்வி அதுதான். "எங்க அப்பாங்க" என்றேன். "அந்தப் பெட்டிங்க, வேட்டி தேடினது, எல்லாம் எங்க வீட்டுல நடந்தது. நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்."

அவர் என்னைப் பரிவோடு பார்த்துச் சிரித்தார். "அப்படித்தானுங்க தோணும். எனக்கும் படிக்கப் படிக்க எங்கப்பாதான் கண்ணு முன்னால நின்னாரு. எங்கூரு லைப்ரரியில இருக்கறவரும் அதையேதான் சொன்னாரு. நல்ல எழுத்துன்னா அப்படித்தானுங்க."

அந்த நிமிஷத்தில் நண்பன்மேல் எனக்கு வந்ததைப் பொறாமை என்று சொன்னால் போதாது. என் வீட்டில் நடந்ததை எடுத்துக்கொண்டு, என்னையும் தன் வாசகர்களில் ஒருவனாக வரிசையில் நிறுத்திவிட்டான். ராசிபுரத்துக்காரர், அந்த லைப்ரரிக்காரர், அவர்களுக்குப் பின்னால் நான். இனி நான் எந்தச் சபையில் ஏறி நின்று சொன்னாலும், நல்ல எழுத்துன்னா அப்படித்தான் என்பார்கள்.

ஆத்திரத்தில் என்னிடம் மிச்சமிருந்த ஒன்றைச் சொன்னேன். பாலத்தில் நண்பனிடம் சொல்லாமல் விட்டது. என் நாவலுக்கு வேண்டும் என்று பத்திரமாக ஒதுக்கி வைத்திருந்தேன்.

அப்பாவை எடுத்துப்போன மூன்றாம் நாள் யாரோ கதவைத் தட்டினார்கள். அம்மா அதுவரை நடமாடிக்கொண்டிருந்தாள். தட்டும் சத்தம் கேட்டதும், துக்கம் கேட்க யாரோ வந்துவிட்டார்கள் என்று பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, தலைப்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நான் போய்க் கதவைத் திறந்தேன். ஊருக்குப் போயிருந்து அன்றுதான் திரும்பிய பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண். கையில் தட்டு, தட்டின்மேல் குரோஷா ஊசியால் பின்னிய துணி. புதிதாகக் குடிவந்திருக்கிறீர்களே, வாய் இனிக்கட்டும் என்று இந்தியில் சொல்லித் துணியை எடுத்தாள். தட்டு நிறைய லட்டு.

அம்மா எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்காரர் எங்கே என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "ட்யூட்டிக்குப் போயிருக்கார்" என்றாள். அந்தப் பெண் போனதும் தட்டைக் கழுவினாள். அடுத்த வீட்டுத் தட்டை வெறுமனே திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. சர்க்கரை டப்பா எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடி எடுத்து, ஒரு கை சர்க்கரை வைத்து, என்னிடம் கொடுத்து அனுப்பினாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். லட்டை நாங்கள் என்ன செய்தோம் என்று எனக்கு இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

இதைச் சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி ஆகிவிட்டிருந்தது. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் புத்தகத்தைத் திறக்கவும் இல்லை, இது எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கேட்கவும் இல்லை. கீழே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. வெகுநேரம் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

பிறகு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாசலில் விட்டிருந்த செருப்பைக் காலில் மாட்டினார். படியிறங்கிப் போனார். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை, வருகிறேன் என்று தலைகூட ஆட்டவில்லை. இந்த ஊர்ப் பக்கங்களில் துக்கம் கேட்க வந்தவர்கள் அப்படிச் சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள். எழுந்து போய்விடுவார்கள். அதை நான் கேள்விப்பட்டிருந்தேன், எங்கள் வீட்டில் பார்த்ததில்லை. அவர் செருப்புச் சத்தம் கடைசிப் படியில் இறங்கி அடங்கும் வரை நான் நாற்காலியிலிருந்து எழவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து நேராக நண்பன் வந்தான். முகமெல்லாம் பூரிப்பு. "நேத்து ஆத்துல நடந்த கூத்து தெரியுமோ?" என்று பாயையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னான். அவன் அப்பா ராத்திரியோடு ராத்திரியாக நாவலைப் படித்து முடித்துவிட்டாராம். காலையில் காபி குடிக்கும்போது, "என்னைக் கொன்னது இருக்கட்டும், காது குடையறதை ஏண்டா எழுதினே?" என்று மட்டும் கேட்டாராம். பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கதையில் கொன்று போட்டாலும் காலையில் எதிரில் உட்கார்ந்து காபி குடிக்கிற அப்பா! நானும் பல்லைக் காட்டினேன்.

பாய் உள்ளே போனதும் நண்பன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அந்த மனுஷர் இங்கேயும் வந்தாராமே? கீழ்க் கடைக்காரர் சொன்னார். ரொம்ப நாழி இருந்தாராம். என்னடா பேசினார்?"

முகத்தை லேசாகச் சாய்த்து, கண்ணை எடுக்காமல் பார்த்தான்.

"வெய்யில்ல வந்திருந்தார். தண்ணி கேட்டார், குடுத்தேன். குடிச்சுட்டுப் போனார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவன் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே காத்திருந்தான். நான் பாதியில் விட்டிருந்த கல்யாணப் பத்திரிகையை அடிக்க ஆரம்பித்தேன்.